காட்டுக்குப் போகும் காய்ச்சல்

கால்நடை மருத்துவர் பதில்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், "நாயிடமிருந்து மனிதனுக்கு என்ன வரும் என்றே எல்லோரும் கேட்கிறீர்கள், நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு என்ன போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள். வந்த கடிதங்களில் பெரும்பாதி இதைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் மடிநோய்க்கும் கோழிக் கழிச்சலுக்கும் விடுமுறை.

எங்கள் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் அடிக்கடி நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகிறது. வந்து பார்த்த வனத்துறை வாட்சர், "நாய்க்கு ஊசி போடுங்கம்மா, இதைத் தின்னா சிறுத்தைக்குத்தான் ஆபத்து" என்றார். நாயைப் பறிகொடுத்தது நாங்கள். ஆபத்து சிறுத்தைக்கா?
*வாசகி, கூடலூர்*

கோபம் நியாயமானது அம்மா. ஆனால் வாட்சர் சொன்னதும் சரி.

கூடலூர், பந்தலூர் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் நான். லைன் வீட்டு நாய்க்கு எஜமான் ஒருவர் இல்லை, லைன் முழுக்க எஜமானர்கள். எல்லோரும் சோறு வைப்பார்கள், யாரும் கட்டிப்போட மாட்டார்கள். வெறிநாய் ஊசி முகாம் என்றால் சேலைக் கிழிசலிலும் கயிற்றுத் துண்டிலும் கட்டி இழுத்து வருவார்கள். "ஊசி போட்டா நாய் மந்தமாயிடும், குரைக்காது சார்" என்று பாதி வழியில் திரும்பிப் போனவர்களும் உண்டு. அந்த நாய் பகலில் லைனில் கிடக்கும். ராத்திரி தேயிலைக்குள்ளும் சோலைக்குள்ளும் சுற்றும்.

சிறுத்தைக்கு நாய் என்றால் விருந்து. மகாராஷ்டிராவில் அகோலே என்ற ஊரைச் சுற்றிக் காடு கிடையாது, கரும்புத் தோட்டம்தான். அங்கே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய். அந்தப் பகுதியில் நாயைவிட ஆடுகள் பல மடங்கு அதிகம். ஆனால் ஆட்டின் பங்கு 11 சதவீதம்தான். ஆடு ராத்திரியில் பட்டிக்குள் இருக்கிறது, நாய் வெளியே திரிகிறது. காரணம் அவ்வளவு எளிது.

இப்போது நோய்க்கு வருகிறேன். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு. மனிதனை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். முதலில் காய்ச்சல், கண்ணில் பூளை, மூக்கில் சளி. அப்புறம் வாந்தி, கழிச்சல். பல நாய்கள் அந்தக் கட்டத்திலேயே போய்விடும். தப்பித்தவற்றில் சில, இரண்டு மூன்று வாரம் கழித்து வெட்ட ஆரம்பிக்கும்: தலை ஆடும், எதையோ மெல்வதுபோல வாய் தானாக அசையும், கால் துடிக்கும், முழு வலிப்பு வரும். வைரஸ் மூளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இடையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அது சாய்த்துவிடுவதால் வேறு கிருமிகளும் உள்ளே நுழைந்துகொள்ளும்.

பெயரில்தான் இது நாய் நோய். நரி, செந்நாய், மரநாய், நீர்நாய், சிறுத்தை, புலி, சிங்கம் என்று ஊன் தின்னும் விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வரும். மூச்சிலும் மூக்குச் சளியிலும் பரவுவது. நோய்ப்பட்ட நாய் ஓட முடியாமல் நிற்கும். ஊரிலேயே எளிதான இரை அதுதான், சிறுத்தை அதைத்தான் பிடிக்கும். கழுத்தைக் கவ்வும்போது முகத்தோடு முகம் உரசுகிறது. வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

புலி, சிறுத்தை போன்ற பெரிய பூனை இனங்களுக்கு மூளையில் டிஸ்டெம்பர் ஏறினால் மனிதப் பயம் விட்டுப்போய்விடும். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் புலிகள் பகலில் கிராமத்துக்குள் தள்ளாடி வந்ததும், ரோட்டில் வண்டியைப் பார்த்தும் நகராமல் நின்றதும் இதனால்தான். லைன் வீட்டு வாசலில் அப்படி ஒரு சிறுத்தை வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். வாட்சர் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் நாய் நோயால் செத்தன என்று 2018இல் செய்தித்தாளில் படித்தேன். நம்ப முடியவில்லை. நிரூபணம் உண்டா?
*வாசகர், மதுரை*

நோய் எது என்பதற்கு நிரூபணம் உண்டு. நோய் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. இந்த இரண்டையும் பத்திரிகைகள் ஒன்றாகக் குழப்பிவிட்டன.

2018 செப்டம்பரில் கிர் கிழக்குக் கோட்டத்தில் தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தன. முதலில், சிங்கங்கள் தங்களுக்குள் போட்ட சண்டை என்றும் சொல்லப்பட்டது. அக்டோபர் தொடங்குவதற்குள் கணக்கு 23 ஆகிவிட்டது. புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் சோதனையில் டிஸ்டெம்பர் உறுதியானது. உண்ணி கடித்து வரும் பபீசியா என்ற ரத்த நோயும் கூடவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துப் பிடித்துவைத்த சிங்கங்களுக்குப் போட்டார்கள்.

இந்த டிஸ்டெம்பர், பபீசியா ஜோடியைக் கவனியுங்கள். நாடகம் ஆப்பிரிக்காவில் முன்பே ஒருமுறை நடந்து முடிந்திருந்தது. 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சுமார் 3,000 சிங்கங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஆயிரம், சில மாதங்களில் போய்விட்டன. அதற்கு முன் பூனை இனத்துக்கு டிஸ்டெம்பர் பெரிதாக வராது என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். சரணாலயத்தைச் சுற்றிய கிராமங்களில் பல ஆயிரம் நாய்கள், ஊசி என்றால் என்னவென்றே தெரியாதவை. அந்த நாய்களிடம் அதே நேரத்தில் நோய் இருந்தது. சிங்கம் நாயைத் தேடிக் கிராமத்துக்குப் போகவில்லை. நடுவில் தரகு வேலை பார்த்தது கழுதைப்புலியாக இருக்கலாம் என்கிறார்கள். அது ராத்திரியில் கிராமத்துக் குப்பைக்கும் போகும், விடிவதற்குள் சிங்கம் அடித்த இரைக்கும் வந்து நிற்கும்.

ஆனால் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். செரங்கெட்டிச் சிங்கங்களுக்கு அதற்கு முன்பும் டிஸ்டெம்பர் வந்து போயிருக்கிறது, சாவு இல்லாமல். அப்படியானால் 1994இல் மட்டும் ஏன்? அதற்கு முன்னால் கடும் வறட்சி. காட்டெருமைகள் மெலிந்து, உடம்பெல்லாம் உண்ணி மொய்த்துச் செத்து விழுந்தன. சிங்கங்கள் அவற்றைத் தின்று தின்று உண்ணிக் கடியில் பபீசியாவை ஏராளமாக ஏற்றிக்கொண்டன. அந்த நேரம் பார்த்து டிஸ்டெம்பர் வந்து எதிர்ப்புச் சக்தியைச் சாய்த்தது. உள்ளே பதுங்கியிருந்த பபீசியா தலைவிரித்தாடியது. 2001இல் பக்கத்து இங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கிலும் இதே கதை.

கிருக்குத் திரும்புவோம். கிரைச் சுற்றிலும் ஊர், மாலதாரி மேய்ப்பர்களின் நெஸ் எனப்படும் குடியிருப்புகள், மாடுகள், நாய்கள். செத்த மாட்டைச் சிங்கமும் தின்னும், நாயும் தின்னும். நாயின் மேல் சந்தேகம் விழுவது இயற்கை. என் சந்தேகமும் அதன் மேல்தான். ஆனாலும் சந்தேகம் என்றுதான் எழுதுவேன்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஆசியச் சிங்கம் என்று உலகத்தில் காட்டில் வாழ்வது அந்த ஒரே வட்டாரத்தில்தான். 2025 கணக்கெடுப்பில் 891. எண்ணிக்கை கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எல்லாம் குஜராத்தின் ஒரே மூலையில். சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. குனோவுக்கு 2022இல் சிவிங்கிப்புலி (சீட்டா) வந்தது, நமீபியாவிலிருந்து. சிங்கம் இன்னும் வரவில்லை.

லாப்ரடார் வைத்திருக்கிறோம். அடுத்த விடுமுறையில் முதுமலை பக்கம் ரிசார்ட்டுக்கு அழைத்துப்போக ஆசை. "பெட் பிரெண்ட்லி" என்று போட்டிருக்கிறார்கள். கூட்டிப்போகலாமா?
*வாசகி, சென்னை, அண்ணா நகர்*

புலிகள் காப்பகத்துக்குள் செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை. ரிசார்ட் வெளியே இருக்கும், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் காடுதான். போங்கள், மூன்று நிபந்தனை. எல்லா ஊசியும் போட்டு முடிந்திருக்க வேண்டும். கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றை அவிழ்க்கவே கூடாது. மலத்தைக் கையோடு எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும், சோப்புத் தண்ணீருக்கே தாங்காது. பார்வோ வைரஸ் அப்படியில்லை. நாய்க்குட்டிகளை ரத்தக் கழிச்சலில் அள்ளிக்கொண்டு போகிற அந்த வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டும், டயரில் ஒட்டும். இது 1978 வாக்கில்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது; பூனைகளின் ஒரு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டே வருடத்தில் உலகம் சுற்றிவிட்டது.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கு நடுவில் ஐல் ராயல் என்ற தீவு. தேசியப் பூங்கா, ஆள் குடியிருப்பு இல்லை, நாய்க்குக் கண்டிப்பான தடை. அங்கே ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958லிருந்து வருடந்தோறும் எண்ணி வருகிறார்கள். 1980இல் 50 ஓநாய்கள். 1982இல் 14. காரணம் பார்வோ. தடையை மீறி யாரோ படகில் நாயைக் கொண்டுவந்திருக்கலாம், அல்லது வைரஸ் செருப்பிலேயே வந்திருக்கலாம். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஆளுக்கே தெரிந்திருக்காது. தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்.

ஊசி முடியாத குட்டி என்றால் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அதன் நன்மைக்கும்தான்.

2021இல் வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததே, அதுவும் செல்லப்பிராணிகளிடமிருந்துதானா?
*வாசகர், தாம்பரம்*

இல்லை. செல்லப்பிராணி மேல் பழி போடாதீர்கள், அது மனிதனிடமிருந்து போனதாகத்தான் கருதப்படுகிறது. அந்த ஜூனில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. சிங்கங்களிடம் இருந்தது அப்போது ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த டெல்டா வகை. பயத்தில் தெப்பக்காடு முகாம் யானைகள் 28க்கும் மாதிரி எடுத்தார்கள். யானையின் தும்பிக்கையில் சளி மாதிரி எடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு மாதம் எழுதலாம்.

மருதமலை அடிவாரத்தில் எங்கள் காலனியில் இருபது பூனைகளுக்குத் தினமும் சோறு வைக்கிறேன். நாயைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். பூனையால் காட்டுக்குத் தொல்லை இல்லை அல்லவா?
*வாசகி, கோவை*

இருக்கிறது அம்மா, மன்னிக்கவும்.

பூனைக்கு லுக்கீமியா வைரஸ் என்று ஒன்று உண்டு. ஒன்றை ஒன்று நக்கிவிடுவதிலும் ஒரே தட்டில் தின்பதிலும் சண்டையில் கடிபடுவதிலும் பரவும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பேந்தர் என்று சொல்லும் பூமா இனம், ஒரு காலத்தில் முப்பதுக்கும் கீழே இறங்கி, 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டு மெல்லத் தலையெடுத்தது. அப்படித் தலையெடுத்துக்கொண்டிருந்தபோது, 2000களின் தொடக்கத்தில் இந்த வைரஸ் புகுந்து சிலவற்றைக் கொன்றது. மரபணுவை வைத்துத் தேடிப்போனால் மூலம் வீட்டுப்பூனை. ஒரு பூமா ஒரு பூனையைப் பிடித்துத் தின்றிருக்கும், அப்புறம் தங்களுக்குள் கடித்துக் கடித்துப் பரப்பியிருக்கும். 2007இல் ஸ்பெயினின் தோன்யானாவில் ஐபீரிய லின்க்ஸுக்கும் இதுவே நடந்தது. அப்போது அது உலகத்திலேயே மிக அருகிப்போன பூனை இனம்.

நம் பக்கத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 2023இல் பெங்களூரு பன்னேருகட்டா பூங்காவில் ஏழு சிறுத்தைக் குட்டிகள் பூனைப் பார்வோ நோயில் இறந்தன. அது பூங்காவுக்குள் நடந்தது என்பதால் செய்தி ஆயிற்று. உங்கள் அடிவாரப் புதரில் இருக்கிற காட்டுப்பூனை குட்டியோடு செத்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கருத்தடை செய்யுங்கள், ஊசி போடுங்கள், பகலில் சோறு வைத்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ராத்திரி வைத்த சோற்றுக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரநாய், கீரி எல்லாம் வரிசையில் நிற்கும்.

எங்கள் தெருவில் ஒரு நாய் மூக்கு ஒழுகி, கண்ணில் பூளை தள்ளி, தலையை வெட்டிக்கொண்டே இருக்கிறது. சிலர் போடிமெட்டுப் பாதையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார்கள். அடித்துக் கொல்வதைவிட அது புண்ணியம் இல்லையா?
*வாசகர், போடிநாயக்கனூர்*

இல்லை. இல்லவே இல்லை.

மலைப்பாதையில் நாயை இறக்கிவிடுவது இந்த மாநிலத்தில் எல்லா மலையடிவார ஊர்களிலும் நடக்கிறது. ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை, எங்கே வேண்டுமானாலும் கொண்டை ஊசி வளைவில் நின்று பாருங்கள். வண்டியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு ஓடிவரும், தன் வண்டி என்று நினைத்து. ஆரோக்கியமான நாயையே விடக் கூடாது, அது விலங்குவதைத் தடைச் சட்டப்படியும் குற்றம். நீங்கள் சொல்வதோ டிஸ்டெம்பர் முற்றிய நாய். அது மூச்சுக்கு மூச்சு வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதை மேலே கொண்டுபோய் விட்டால் அங்கே செந்நாய்க் கூட்டத்துக்கு நீங்களே கூரியரில் நோய் அனுப்புகிறீர்கள். செந்நாய்கள் ஒன்றையொன்று நக்கி, ஒரே இரையைச் சேர்ந்து தின்று வாழ்பவை. கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். கையால் தொடாதீர்கள், வெட்டும் நாய்க்கு வெறிநோயும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நகராட்சிக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். டிஸ்டெம்பர் வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது, வலிப்பையும் நீர்ச்சத்து இழப்பையும் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இவ்வளவு முற்றிய நிலையில் வலி தெரியாமல் தூங்கவைப்பதுதான் கருணை. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அப்புறம் தெருவில் மிச்சம் இருக்கிற நாய்களுக்கு உடனே ஊசி. அந்தப் போடிமெட்டு வண்டிக்கு ஆகிற பெட்ரோல் காசில் இரண்டு நாய்க்குப் போடலாம்.

வீட்டில் எட்டு வருடம் வளர்த்த கிளியைப் பாவம் பார்த்துப் பறக்கவிடப் போகிறேன். புண்ணியக் காரியத்துக்கு உங்கள் ஆசி வேண்டும்.
*வாசகர், திருச்சி*

ஆசி இல்லை சார். பச்சைக்கிளியை வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் கூண்டில் இருந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, வல்லூறைத் தெரியாது. முதல் நாளே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் அதுவும் சிக்கல். கிளிகளுக்கு அலகும் இறகும் உருக்குலைந்து போகும் ஒரு வைரஸ் நோய் உண்டு. இறகு கொட்டும், அலகு கோணும். சில பறவைகள் வெளியே எதுவும் தெரியாமல் வைரஸை மட்டும் சுமந்துகொண்டிருக்கும். மொரீஷியஸ் தீவில் எக்கோ என்ற கிளி இனம் 1980களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்து, கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டது. 2004, 2005 வாக்கில் அதற்கு இந்த நோய் வந்தது. அந்தத் தீவில் அதன் அண்டைவீட்டுக்காரர் யார் தெரியுமா? கூண்டுப் பறவையாகப் போய்த் தப்பிப் பெருகிய நம் பச்சைக்கிளிதான்.

கிளியை வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சரகர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

கடல் விலங்குகளுக்கும் நாய் நோய் வருமா? கல்லூரித் தேர்வுக்காகக் கேட்கிறேன்.
*மாணவி, தஞ்சாவூர்*

வரும். கடல்நாய் என்று நாம் சொல்லும் சீல்களுக்கு வரும். 2000இல் காஸ்பியன் கடலில் ஆயிரக்கணக்கான சீல்கள் செத்துக் கரையொதுங்கின. அவற்றில் இருந்தது அசல் டிஸ்டெம்பர் வைரஸ்தான். அண்டார்டிகாவில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த ஹஸ்கி நாய்கள், ஸ்காட், அமுண்ட்சன் என்ற தென்துருவப் பயணிகளின் காலத்திலிருந்து அங்கே இருந்தவை. இவற்றால் சீல்களுக்கு டிஸ்டெம்பர் போய்விடும் என்ற பயம் ஒரு முக்கியக் காரணமாக, சர்வதேச ஒப்பந்தப்படி 1994இல் எல்லா நாய்களையும் அந்தக் கண்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது, விடைத்தாள் திருத்துகிறவரைப் பொறுத்தது.

இத்தனை தொல்லை எதற்கு? ஹெலிகாப்டரில் போய்ப் புலிக்கும் சிங்கத்துக்கும் துப்பாக்கியால் ஊசி போட்டுவிட வேண்டியதுதானே?
*வாசகர், ஈரோடு*

துப்பாக்கி மட்டும் பிரச்சினை என்றால் போட்டிருப்பார்கள். நாய்க்குப் போடும் டிஸ்டெம்பர் மருந்தில் இருப்பது வலுவிழக்க வைத்த உயிருள்ள வைரஸ். நாய்க்கு அது பாதுகாப்பு. வேறு இனத்துக்கு அதுவே நோயாகிவிடலாம்.

அமெரிக்காவில் கருங்கால் ஃபெரட் என்ற விலங்கு, கீரி மாதிரி ஒல்லியாக, கண்ணைச் சுற்றித் திருடன் முகமூடி போட்டதுபோல இருக்கும். 1970களின் தொடக்கத்தில் பிடித்துவைத்திருந்த சிலவற்றுக்கு டிஸ்டெம்பர் ஊசி போட்டார்கள். ஊசியிலிருந்த வைரஸாலேயே நான்கு செத்தன. பின்னர் அந்த இனமே அற்றுப்போனதாக நினைத்தார்கள். 1981இல் வயோமிங் மாநிலத்தில் மீட்டிட்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஷெப் என்ற பண்ணை நாய் ஏதோ ஒன்றைக் கொன்று வாசலில் போட்டது. பார்த்தால் கருங்கால் ஃபெரட். தேடிப்போய் ஒரு கூட்டத்தையே கண்டுபிடித்தார்கள். 1985இல் அந்தக் கூட்டத்துக்குள் டிஸ்டெம்பர் புகுந்தது. மிஞ்சிய 18ஐப் பிடித்து வளர்த்ததில் வந்தவைதான் இன்று இருப்பவை எல்லாம். கண்டுபிடித்துக் கொடுத்ததும் நாய், சாய்த்ததும் நாய் நோய். இதை நான் எந்த வகுப்பில் சொன்னாலும் மாணவர்கள் தூங்கமாட்டார்கள்.

இப்போது உயிருள்ள டிஸ்டெம்பர் வைரஸ் இல்லாமல், கேனரிப் பறவை அம்மை வைரஸை வாகனமாக வைத்துச் செய்த மருந்துகள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு புலியையும் பிடிக்க வேண்டும், பூஸ்டர் என்றால் அதே புலியை மறுபடி பிடிக்க வேண்டும். அது உங்கள் வீட்டு நாய் இல்லை, பிஸ்கட்டைக் காட்டினால் வர.

வெறிநோய்க்கு மட்டும் ஒரு அழகான வழி உண்டு. 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் மருந்தை வைத்து நரிகளுக்குப் போட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் நரி வெறிநோய் ஒழிந்ததற்கு அதுதான் தொடக்கம். எத்தியோப்பியாவின் பாலே மலைகளில், உலகத்தில் ஐந்நூறு அளவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் எத்தியோப்பிய ஓநாய்களுக்கு மேய்ப்பர்களின் நாய்களிடமிருந்து வெறிநோய் திரும்பத் திரும்ப வரும். 2003இல் ஒரு பள்ளத்தாக்கில் முக்கால்வாசி போய்விட்டன. அங்கே 2018லிருந்து ஆட்டுக்கறித் துண்டுக்குள் மருந்துப் பொட்டலம் வைத்து ராத்திரியில் குதிரை மேல் போய்ப் போடுகிறார்கள்.

படிக்கப் படிக்க நாயெல்லாம் வில்லன் போல இருக்கிறது. காட்டோரத்து நாய்களை ஒட்டுமொத்தமாக அகற்றச் சொல்கிறீர்களா? நாயை நேசிக்கிற எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. வெறிநாய் ஊசி போட்டிருக்கிறேனே, போதாதா?
*வாசகி, உதகமண்டலம்*

அகற்றச் சொல்லவில்லை. இருந்த நாயைக் கொண்டுபோனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும், குப்பை இருக்கிறவரை.

நம் மலையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டுமாடுகள் ஏராளமாகச் செத்தன. வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்), மேய்ச்சல் மாடுகளிடமிருந்து போனது. அதுவும் தட்டம்மை, டிஸ்டெம்பர் குடும்பம்தான். காட்டுமாட்டைப் பிடித்து யாரும் ஊசி போடவில்லை. வீட்டு மாட்டுக்கு மட்டும், ஊர் ஊராக, வருடக்கணக்கில் போட்டார்கள். எங்கள் துறையின் மூத்தவர்கள் ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். 2011இல் வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். செரங்கெட்டியில் மாடுகளுக்கு ஊசி போட்ட பிறகு, 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் இருந்த வில்டபீஸ்ட் மான்கள், எழுபதுகளின் இறுதியில் பதின்மூன்று லட்சம் ஆயிற்று. பட்டியில் போட்ட ஊசிக்குக் காடு நிறைந்தது.

டிஸ்டெம்பரில் இவ்வளவு சுலபமாக ஜெயிக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. அது பல விலங்குகளில் பதுங்கும். செரங்கெட்டியைச் சுற்றி நாய்களுக்கு ஊசி போட்டதும் நாய்களிடம் நோய் குறைந்தது. சிங்கங்களிடம் அது முற்றிலும் நிற்கவில்லை. ரஷ்யப் புலிகள் விஷயத்தில், 2020இல் வந்த ஆய்வு, அங்கே வைரஸைத் தாங்கி நிற்பது நாயைவிடக் காட்டின் சின்ன ஊனுண்ணிகள்தான் என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் நாய் மட்டும்தான் குற்றவாளி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இந்தச் சங்கிலியில் உங்கள் கைக்கு எட்டுகிற ஒரே கண்ணி அதுதான்.

வெறிநாய் ஊசி மட்டும் போதாது. அது வெறிநோய்க்கு மட்டும். டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் கடையில் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று கேட்டால் தெரிகிற கூட்டு ஊசி தனி. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் ஆகும்வரை. நடுவில் நிறுத்திவிட்டால் போட்டதில் பிரயோசனம் குறைவு, தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை முறித்துவிடும். ஒரு வருடத்தில் பூஸ்டர். அப்புறம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது மருந்தைப் பொறுத்தது, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வெறிநாய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடந்தோறும். ஜூலை 6, செப்டம்பர் 28 வாக்கில் அரசு மருத்துவமனைகளில் வெறிநாய் ஊசி இலவச முகாம் நடக்கும். கூட்டு ஊசிக்குப் பெரும்பாலும் கைக்காசு போட வேண்டும். முகாமுக்கு வரும்போது பழைய அட்டையைக் கொண்டுவாருங்கள், அப்படியே பக்கத்து வீட்டு நாயையும்.